நான்கு பகடை, முப்பத்தாறு தொழில்: ஒரு வகுப்பறை விளையாட்டு உருவான விதம்

45 நிமிட வகுப்பு, 40 மாணவர்கள், 8 மேசை. இந்த மூன்று எண்களுக்குள் அடங்காத தொழில் திட்டமிடல் விளையாட்டு எதுவாக இருந்தாலும், ஒருமுறை ஆடியபின் அலமாரிக்குப் போய்விடும். அந்த அளவுக்குள் ஒழுங்காக ஓடும் ஓர் அட்டை விளையாட்டின் செய்முறை இது. ஓடாத வடிவங்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் பெரும்பாலும் அந்த வடிவங்களில்தான் தொடங்குகிறார்கள்.

மேசைக்கு ஐந்து பேர். நால்வர் ஆடுவார்கள், ஐந்தாமவர் பதிவாளர். ஆடுபவர் 15 வயதில் தொடங்கி 31 வயதில் முடிக்கிறார். சுற்றுக்கு 2 ஆண்டு வீதம் 8 சுற்று. சுற்றுக்கு 3 நிமிடம் என்றால் ஆட்டம் 24 நிமிடம். விளக்கவும் அட்டை பரப்பவும் 6 நிமிடம் போக, மிச்சம் 15 நிமிடம் கலந்துரையாடலுக்கு. அந்த 15-இல் கை வைக்கக் கூடாது. நேரம் போதவில்லை என்றால் ஆறாம் சுற்றோடு ஆட்டத்தை நிறுத்திவிடலாம்.

ஓடாத மூன்று வடிவங்கள்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பொருத்தும் அட்டை: ஒரு கட்டில் தொழில், இன்னொரு கட்டில் படிப்பு, இரண்டையும் சேர். இது வேடமிட்ட தேர்வுத்தாள். படிப்பில் முந்துகிறவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அவரைப் பார்த்து அடுக்குவார்கள். சரி, தவறு என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்தது கட்டம் போட்ட பலகை. பகடையை உருட்டு, விழுந்த எண்ணுக்கு நகர், கட்டத்தில் எழுதியிருப்பதை ஏற்றுக்கொள். மாணவர்கள் உற்சாகமாக ஆடுவார்கள், சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் ஆட்டம் முழுக்க அவர்கள் எடுத்த முடிவு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பூஜ்யம். தொழிலைத் திட்டமிடச் சொல்லிக்கொடுக்கும் ஆட்டத்தில் திட்டமிட எதுவுமே இல்லை. அதோடு கடைசியில் யாரிடம் பணம் அதிகமோ அவரே வெற்றியாளர் என்று வைத்துவிட்டால், இரண்டாம் சுற்றுக்குள் மேசையில் எல்லோரும் அதிக வருமானமுள்ள இரண்டு மூன்று அட்டைகளை மொய்ப்பார்கள். மற்ற முப்பதும் தொடப்படாமலே கிடக்கும்.

மூன்றாவது வடிவம் பார்க்க ஒழுங்காக இருந்தது. அதனால்தான் அதில் உள்ள கோளாறு எளிதில் பிடிபடாது. இரண்டு பகடை உருட்டி, சேர்த்த திறன் புள்ளிகளைக் கூட்டி, 9 அல்லது அதற்கு மேல் வந்தால் வேலை கிடைக்கும். திறன் ஏதும் இல்லாதவருக்கு வாய்ப்பு 36-இல் 10, அதாவது 28 விழுக்காடு. 2 புள்ளி இருந்தால் 58. 4 இருந்தால் 83. 7 சேர்த்துவிட்டால் பகடையே வேண்டாம், வேலை உறுதி. கூர்மையான மாணவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நான்கு சுற்று படிப்பிலேயே போட்டு, ஏழு புள்ளி சேர்த்துக்கொண்டு, அதன்பின் கதவைத் தட்டுவார்கள், அதாவது வேலைக்கு முயல்வார்கள். ‘போதுமான அளவு படித்தால் வேலை நிச்சயம்’ என்று அந்த விதி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. எந்த ஆசிரியரும் வாயால் சொல்லத் தயங்குகிற வாக்குறுதியை ஒரு கூட்டல் கணக்கு சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறது.

பகடைக் கணக்கை மாற்றியது

தீர்வு, புள்ளியைக் கூட்டாமல் பகடையைக் கூட்டுவது. கதவைத் தட்டும்போது கையில் உள்ள பகடைகளை எல்லாம் ஒரேயடியாக உருட்ட வேண்டும். அவற்றில் ஏதாவது ஒன்றில் 5 அல்லது 6 விழுந்தால் கதவு திறக்கும்.

ஒரு பகடை எல்லோருக்கும் உண்டு. தேவையான திறன்கள் முழுதும் இருந்தால் இன்னொன்று. அந்தத் தொழிலைப் பற்றி விசாரித்திருந்தால் மூன்றாவது. பக்கத்துத் தொழிலில் அனுபவம் இருந்தால் நான்காவது. வாய்ப்பு இப்படி ஏறும்: ஒரு பகடைக்கு 33 விழுக்காடு, இரண்டுக்கு 56, மூன்றுக்கு 70, நான்குக்கு 80. எந்த இடத்திலும் நூறைத் தொடாது. ஒவ்வொரு கூடுதல் பகடையும் முந்தையதைவிடக் குறைவாகவே சேர்க்கும் என்பதால், ‘இன்னும் ஒரு சுற்று தயாராகலாமா, இருப்பதை வைத்து இப்போதே தட்டலாமா’ என்ற வாக்குவாதம் மேசையில் தானாக எழும். இந்த விளையாட்டின் உயிரே அந்த வாக்குவாதம்தான். மற்றதெல்லாம் அதற்கான சாரக்கட்டு.

சிலர் கணக்குப் போட்டும் பார்ப்பார்கள்: இரண்டு பகடையோடு இரண்டு முறை தட்டினால் 80 விழுக்காடு, நான்கு பகடையோடு ஒரே முறை தட்டினாலும் 80. முதல் வழியில் ஒரு தோல்வி நடுவில் வரக்கூடும், இரண்டாவதில் வயது ஏறிவிடும். எது மேல் என்று விதி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

தோற்றவருக்கு என்ன என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் இல்லை என்று விட்டால், ஒரே பகடையோடு மூன்று முறை தட்டித் தோற்பவர் நூற்றுக்கு 30 பேர். 32 பேர் ஆடும் வகுப்பில் எல்லோரும் அப்படி ஆடினால் ஒன்பது பத்துப் பேர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் தோற்ற ஒவ்வொரு முறையும் ‘அனுபவம்’ என்று ஒரு டிக். அதே தொழிலுக்கோ, ஒரு திறனையாவது பகிர்ந்துகொள்ளும் இன்னொரு தொழிலுக்கோ அடுத்தமுறை தட்டும்போது அது ஒரு பகடையாக மாறும். உச்சவரம்பு நான்கு.

பகடை சூதாட்டச் சாமான் என்று சில பள்ளிகளில் முகம் சுளிப்பார்கள். இது பழைய சிக்கல். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி 1860-இல் வாழ்க்கைப் பாதையை வைத்து ஒரு பலகை விளையாட்டு வெளியிட்டபோது, இதே காரணத்துக்காகப் பகடையை விட்டுவிட்டு எண் எழுதிய அறுகோணச் சுழலியை வைத்தார். சுழலி செய்ய 4 செ.மீ. அகல அட்டையை அறுகோணமாக வெட்டி, நடுவில் குச்சி செருகினால் போதும். குச்சி சரியாக நடுவில் இல்லாவிட்டால் ஒரே எண் திரும்பத் திரும்ப விழும். அறுபது முறை சுழற்றிப் பார்த்து, ஏதாவது ஓர் எண் 18 முறைக்கு மேல் வந்தால் அந்தச் சுழலியைக் கழித்துவிடுங்கள். அல்லது 1 முதல் 6 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுக்கலாம். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன விழுக்காடு எதுவும் பொருந்தாது.

அட்டைகள்

ஒரு மேசைக்கு: தொழில் 36, நிகழ்வு 18, இலக்கு 9, தொடக்கச் சூழல் 9. மொத்தம் 72. அட்டை அளவு 63 × 88 மி.மீ. ஓர் ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அட்டை அடங்கும், பக்கவாட்டில் 10.5 மி.மீ., மேலும் கீழும் 16.5 மி.மீ. மிச்சம். ஆக மேசைக்கு 8 தாள், எட்டு மேசைக்கு 64 தாள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டைத்தாள் வேண்டும். 200-இல் அடித்தால் குலுக்கும்போது வளைந்துவிடும், பின்பக்கம் வழியாக எழுத்தும் தெரியும். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம். விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாமல் போகும், கட்டாக வைத்தால் வழுக்கிச் சரியும்.

தாளுக்கு 8 வெட்டு, மொத்தம் 512 வெட்டு. இரும்பு அளவுகோலும் கட்டரும் வைத்து வெட்டுவதானால் ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் மூன்று முறை லேசாக இழுக்க வேண்டும், அழுத்தினால் அளவுகோல் நகரும். அச்சகத்தில் கில்லட்டின் என்ற தாள் வெட்டும் இயந்திரம் இருந்தால் அங்கேயே வெட்டி வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மூலையை வட்டமாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 576 அட்டைக்கு 2,304 மூலை.

36 தொழில்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? மாணவர்களிடமே பட்டியல் கேட்டால் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், ஆசிரியர் என்று ஒரே வட்டத்தில் சுற்றும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு தொழில் வகைப்பாட்டில் 10 பெரும் பிரிவுகளும் அவற்றுக்குள் 436 சிறு அலகுகளும் உள்ளன. மேற்சொன்ன நான்குமே அதில் ‘தொழில்முறை வல்லுநர்’ என்ற ஒரே பெரும் பிரிவு. அதனால் பிரிவுவாரியாகப் பங்கு போட்டுவிட்டோம்: வல்லுநர் 8, தொழில்நுட்பர் 8, கைவினை மற்றும் பட்டறைத் தொழில் 5, சேவையும் விற்பனையும் 4, அலுவலக உதவி 3, வேளாண்மை மற்றும் மீன்பிடி 3, மேலாளர் 2, இயந்திரம் இயக்குபவர் 2, ஆயுதப்படை 1. எளிய பணிகள் என்ற பிரிவுக்குத் தனி அட்டை இல்லை. காசு சேர்ப்பதற்காகச் செய்யும் தற்காலிக வேலையாக அது ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

திறன்களுக்கு உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு வகைகள் போதும். நம் அட்டையில் அவை செய்கை, ஆய்வு, கலை, சேவை, முனைப்பு, ஒழுங்கு. நிறத்தால் மட்டும் வேறுபடுத்தக் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளை ஒருவர் வகுப்பில் இருக்கக்கூடும், நகல் எடுத்தால் நிறமும் போய்விடும். செ, ஆ, க, சே, மு, ஒ என்று எழுத்தாகவே போட்டுவிடுங்கள்.

தொழில் அட்டையில் இருப்பது கொஞ்சம்தான். உதாரணம்: “நில அளவையர். நிலத்தின் எல்லை, உயரம், பரப்பு ஆகியவற்றை அளந்து வரைபடமாக்குவார். தேவை: செ 2, ஆ 1, ஒ 1. பயிற்சி: 2 சுற்று.” மருத்துவர் போன்ற நீண்ட வழிக்குத் திறன் 6, பயிற்சி 4 சுற்று. மொத்தம் இருப்பதே 8 சுற்று என்பதால் மூன்றாம் சுற்றுக்குள் அந்தக் கதவைத் தட்டியாக வேண்டும். தாமதமாக ஆசைப்படுவதன் விலை இதில் தெரிந்துவிடும், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விசாரித்தல்

தொழிலின் உள்விவரத்தை அட்டையின் பின்பக்கம் அச்சிடுவதுதான் முதல் யோசனை. இரண்டு காரணத்தால் அது சரிப்படவில்லை. இருபக்க அச்சில் முன்னும் பின்னும் ஓரிரு மில்லிமீட்டர் விலகும். எல்லைக்கோடு போட்டிருந்தால் அசிங்கமாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய காரணம், யாரும் பார்க்காதபோது அட்டையைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள்.

பின்பக்கத்தை எடுத்துவிட்டு, 36 தொழிலின் உள்விவரத்தையும் ஒரு சிறு ஏடாக்கிப் பதிவாளர் கையில் கொடுத்ததும் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தன. ஏ4 பக்கத்துக்கு நான்கு தொழில் வீதம் 9 பக்கம், சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் 5 தாள். சும்மா கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாமவருக்கும் இதனால் நல்ல வேலை கிடைத்தது. ஒருவர் சுற்றுக்குக் கிடைக்கும் நான்கு நேரப் புள்ளிகளில் ஒன்றைச் செலவழித்து விசாரித்தால், பதிவாளர் அந்தத் தொழில் செய்பவராக மாறிப் பேசுவார். மூன்று கேள்விதான் கேட்கலாம். கேட்டதற்கு மட்டுமே பதில். ஏட்டைப் படித்துக் காட்டக் கூடாது.

முதல் கேள்வி எந்த மேசையிலும் ஒன்றே: “சம்பளம் எவ்வளவு?” பதில் ஏட்டில் உண்டு, ‘தொடக்கத்தில் சுற்றுக்கு 2 காசு, மூன்று சுற்றுக்குப்பின் 3’ என்பதுபோல. மூன்றில் ஒரு கேள்வி போய்விட்டது. இரண்டாவது கேள்விக்குத்தான் யோசிப்பார்கள். நில அளவையரிடம் “நாள் முழுக்க என்ன செய்வீங்க?” என்று கேட்டவருக்கு, பாதி நாள் வெயிலில், பாதி நாள் கணினி முன்னால் என்று தெரியவரும். “உங்களுக்கு எரிச்சல் எது?” என்று கேட்டவருக்கு, அளவைக் கருவியின் முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தியபின் யாராவது காலால் இடித்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து என்பதும், எல்லைத் தகராறில் இரு தரப்பும் கோபத்தை அளப்பவர்மீது காட்டுவார்கள் என்பதும் கிடைக்கும். “இதிலிருந்து வேற எங்க போகலாம்?” என்று கேட்டவருக்குத்தான் பக்கத்து அட்டைகள் தெரியும்: வரைபடம் தயாரிப்பவர், கட்டுமான மேற்பார்வையாளர். இந்தக் கடைசிக் கேள்வியை அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள். கேட்பவர் ஆட்டத்தில் முன்னே போய்விடுவார், ஏனென்றால் நான்காவது பகடை அங்கேதான் இருக்கிறது.

உழைப்பு அதிகம் தின்பது இந்த ஏடுதான். தொழிலுக்கு அரை மணி என்று வைத்தாலும் 18 மணி நேரம். கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதினால் எல்லாத் தொழிலும் ஒரே குரலில் பேசும். அந்தந்த வேலை செய்பவரிடம் அதே மூன்று நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதியவைதான் மேசையில் உயிரோடு இருக்கும்.

ஒரு சுற்று

ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு 4 நேரப் புள்ளி. படித்தால் 1 நேரத்துக்கு 1 திறன். தற்காலிக வேலைக்குப் போனால் 1 நேரத்துக்கு 1 காசு. விசாரிக்க 1, கதவைத் தட்ட 1. கதவு திறந்து பயிற்சிக்குள் போனால், பயிற்சி முடியும்வரை சுற்றுக்கு 3 நேரம் அதற்கே போய்விடும். வரிசையாக ஆடாமல் எல்லோரும் ஒரே சமயத்தில் முடிவெடுத்துக் குறிக்க வேண்டும். வரிசையாக ஆடவிட்டால் ஒவ்வொருவரும் முக்கால்வாசி நேரம் காத்திருப்பதிலேயே போகும். கதவு தட்டுவதும் விசாரிப்பதும் மட்டும் ஒருவர்பின் ஒருவராக.

முதலில் திறனுக்கும் காசுக்கும் வண்ண வில்லைகள் வைத்திருந்தோம். பார்வைக்கு அழகு. எட்டு மேசையில் பரப்பவும் பொறுக்கவும் வகுப்பில் ஆறேழு நிமிடம் போனது, நாற்காலிக்கடியில் போனது வேறு. இப்போது வில்லை இல்லை. ஏ5 அளவில் ஒரு கணக்குத்தாள், எட்டு வரி, வரிக்கு ஒரு சுற்று, பென்சிலால் டிக். வகுப்புக்கு 32 தாள், அதாவது ஏ4-இல் 16. வில்லையைவிட இது மேலான இன்னொரு விஷயத்திலும்: ஆட்டம் முடிந்ததும் பதினாறு ஆண்டு வரலாறும் தாளில் அப்படியே இருக்கும்.

நிகழ்வு அட்டை எல்லாச் சுற்றிலும் வேண்டாம். 2, 3, 5, 7 ஆகிய சுற்றுகளில் மேசைக்கு ஒன்று. ஆட்டத்துக்கு நான்குதான் செலவாகும், எனவே 18 அட்டை நான்கு ஆட்டத்துக்குத் திரும்ப வராமல் ஓடும். ‘ஒரு சுற்று ஆடாதே’ என்று எந்த அட்டையிலும் எழுதக் கூடாது. ஒவ்வொன்றிலும் தேர்வு இருக்க வேண்டும்: “வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லை. இந்தச் சுற்றில் 1 நேரம் கொடு, அல்லது 2 காசு கொடு.” “தெரிந்தவர் பட்டறையில் ஆள் கேட்கிறார். 2 நேரம் கொடுத்தால் செ 3.” எதிர்பாராததைப் பயன்படுத்திக்கொள்வதும் ஒரு தொழில் திறன் என்று தொழில் ஆலோசனை உளவியலாளர் ஜான் கிரம்போல்ட்ஸும் உடன் எழுதியவர்களும் 1999-இல் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு இந்த அட்டைகளில்தான் இடம்.

தொடக்கச் சூழல் அட்டை கற்பனை மனிதருடையது. மாணவரின் சொந்த வீட்டு நிலையை ஆட்டத்துக்குள் கொண்டுவரவே கூடாது, மேசையில் யாராவது கூனிக்குறுகிப் போவார்கள். சூழல்கள் சமமாக இல்லை, வேண்டுமென்றே. ஆனால் எட்டுச் சுற்றுக்கும் 1 நேரம் குறைத்தால் 32-இல் 8 போய்விடும், அவர் எழவே முடியாது. முதல் நான்கு சுற்றுக்கு மட்டும் குறைத்தால் 4 போகும். வலிக்கும், ஆனால் ஆட முடியும்.

வெற்றி இலக்கு அட்டையால். ஆளுக்கு இரண்டு, மறைவாக: “மாலை நேரம் எனக்கே”, “கையால் செய்தது கண்ணெதிரே நிற்க வேண்டும்”, “தனியாக வேலை”, “யாருக்கும் கீழே இல்லை” என்பன போல. ஒவ்வொரு தொழிலும் எந்த மூன்று இலக்குக்குப் பொருந்தும் என்பது ஏட்டில் உண்டு. பொருந்தினால் இலக்குக்கு 3 மதிப்பெண். காசு 4-க்கு மேல் இருந்தால் 1 மதிப்பெண், எவ்வளவு அதிகம் இருந்தாலும் அதே 1. மிஞ்சிய ஒன்பதாவது அட்டை மேசை நடுவில். நான்காம் சுற்றில் விரும்பியவர் தம்முடைய ஒன்றை அதோடு மாற்றிக்கொள்ளலாம், அவர் வைத்ததை அடுத்தவர் எடுக்கலாம். 22, 23 வயதில் ஆசை மாறுவதற்கு ஆட்டத்தில் வழி இருக்க வேண்டும்.

கடைசி 15 நிமிடம்

‘என்ன கற்றுக்கொண்டீர்கள்’ என்று கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும். கணக்குத்தாளைக் கையில் வைத்துக் கேளுங்கள்: எந்தச் சுற்றில் உனக்கு அதிகக் கதவுகள் தட்டக்கூடியதாக இருந்தன? அங்கே வட்டம் போடு. எந்த ஒரு நேரப் புள்ளி இல்லாமல் போயிருந்தால் ஆட்டமே மாறியிருக்கும்? அடிக்கோடிடு. பெரும்பாலானவர்களின் அடிக்கோடு விசாரித்தல்மீது விழும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் என்று கேட்டால் போதும்.

பிறகு கரும்பலகை. “எல்லாம் அதிர்ஷ்டம்தானே, அவன் ஒரே பகடையில ஜெயிச்சான், நான் மூணு வச்சுத் தோத்தேன்” என்று யாராவது சொல்லுவார். அது உண்மைதான், மறுக்க வேண்டாம். பதிவாளர் எட்டுப் பேரும் தங்கள் மேசையில் எத்தனை பகடையோடு எத்தனை முறை தட்டப்பட்டது, எத்தனை திறந்தது என்று குறித்திருப்பார்கள். எல்லாவற்றையும் பலகையில் கூட்டுங்கள். ஆளுக்கு மூன்று தட்டு என்றால் வகுப்பு முழுவதும் 96. ஒரு மேசையில் தலைகீழாக இருக்கும் கணக்கு, எட்டையும் கூட்டும்போது 33, 56, 70-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவருக்கு உறுதி கிடையாது என்பதும், தயாரானவர்கள் கூட்டாகப் பார்த்தால் முன்னே இருக்கிறார்கள் என்பதும் ஒரே பலகையில் தெரியும். பதிவாளர் குறிக்க மறந்தால் இந்தப் பகுதியே கிடையாது, ஆகவே ஏட்டின் பின் அட்டையிலேயே அதற்குக் கட்டம் அச்சிட்டுவிடுங்கள்.

அடுத்த அச்சில் மாற்ற வேண்டியவை

எல்லாக் கதவும் 5, 6-இல் திறப்பது நியாயமில்லை. கூட்டம் நெரியும் நான்கைந்து தொழிலுக்கு 6 மட்டுமே என்று வைத்தால் ஒரு பகடைக்கு 17 விழுக்காடு, இரண்டுக்கு 31, மூன்றுக்கு 42, நான்கு வைத்திருந்தாலும் 52. அட்டையின் மூலையில் பெரிதாக ஒரு 6 போட்டால் போதும், வேறு விதி எதுவும் வேண்டாம். பலகைக் கணக்கில் இவற்றைத் தனி வரிசையாக எழுத வேண்டியிருக்கும்.

ஒன்பது வெற்று அட்டைக்கு ஒரு தாள் கூடுதலாக அடிக்க வேண்டும். வகுப்பு முடிவில் ஒவ்வொருவரும் நிஜமாக ஒருவரை விசாரிக்க ஒரு தொழிலும் மூன்று கேள்வியும் எழுதிக்கொண்டு போகிறார்கள். திரும்பிவரும் பதில்களில் நன்றாக இருப்பவை அடுத்த ஏட்டில் சேரலாம். சேர்ப்பதற்கு முன் பேசியவரின் பெயர், வேலை செய்யும் இடம், அவரை அடையாளம் காட்டும் எதுவும் இல்லாமல் எடுத்துவிட்டு, சம்பளத்தைக் காசுக் கணக்கில் மாற்றி, பொருந்தும் இலக்கு மூன்றையும் குறிக்க வேண்டும். கேள்விக்கு ஒரு வரியில் பதில் வந்திருந்தால் அதை அச்சிடாமல் திருப்பி அனுப்புங்கள், இன்னொரு கேள்வியோடு.